வெள்ளைச் சேலையில் ஒரு மத்தியான நித்திரை

தம்பி,

அம்மா எழுதுகிறேன். போன கிழமை முழுக்க நீ எடுத்த அழைப்புகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன் பழுதாகவில்லை, நான்தான் எடுக்கவில்லை. கோபமா என்று கேட்டால், ஓம், கோபம்தான். கதைத்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன், பிறகு அள்ள முடியாது. எழுதினால் ஒரு வரியை எழுதி, அடித்து, திரும்பவும் எழுதலாம். என் கையெழுத்து விளங்காவிட்டால் இரண்டு தரம் வாசி. கட்டாரில் உனக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே, வேறு என்ன வேலை.

நீ கேட்டது பிழையென்று நான் சொல்லவரவில்லை. வவுனியாவில் பொம்பிளை வீட்டார் நல்ல சனம். அந்தப் பிள்ளையையும் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் போனபோது கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நிலத்தில் இருந்தவள். அவர்கள் கேட்டதும் உலகத்தில் இல்லாத கேள்வியல்ல. மாப்பிள்ளையின் தகப்பன் எங்கே? இருக்கிறார் என்றால் மணவறைக்கு வரட்டும். இல்லையென்றால் அவருக்குரிய காரியத்தைச் செய்து முடியுங்கள், சித்தப்பாவும் சின்னம்மாவும் நின்று கலியாணச் சடங்கைச் செய்யட்டும். இரண்டுமில்லாமல், இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாத ஒருவரின் பெண்சாதி பொட்டோடும் தாலியோடும் வந்து மணவறைக்குப் பக்கத்தில் நின்றால் தங்கள் பிள்ளைக்கு என்ன வருமோ என்று பயப்படுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் நீ, என் வயிற்றில் பிறந்தவன், போனில் அவ்வளவு மெதுவாக, "அம்மா, அப்பாவின்ர காரியத்தைச் செய்து முடிச்சிடுவம். ஐயரோட கதைச்சனான். தர்ப்பையில உருவம் செய்து வைச்சுச் செய்யலாமாம்" என்று சொன்னாய் பார், அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். இவன் இதை எத்தனை நாளாகத் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டேன்.

பதில் சொல்லுவதற்கு முதல் உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். நீ கட்டாருக்குப் போன வருசம் மாதர் சங்கத்தோடு அனுராதபுரத்துக்கு ஊர் பார்க்க ரூர் போனேனே, நினைவிருக்கிறதா? யானைச் சிலைகளும் பெரிய வெள்ளைத் தாதுகோபமும் என்று உனக்குப் படம் அனுப்பினேன். "அம்மா இப்ப வெள்ளைக்காரி மாதிரி ஊர் சுத்துறா" என்று பகிடி பண்ணினாய். நான் யானை பார்க்கப் போகவில்லை, மகனே. நானாட்டான் சந்தையில் ஒருத்தி சொன்னாள், அந்தப் பக்கம் காட்டுக்குள் ஒரு முகாம் இருக்கிறதாம், எங்கட ஆம்பிளையளை வைத்து மரம் தறிக்கிறார்களாம், காய்ச்சலென்று மருந்தெடுக்கக் கொண்டுவந்த இடத்தில் யாரோ கண்டவராம். யார் கண்டவர் என்றால் அவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொன்னவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கதைகளுக்கெல்லாம் நான் எத்தனை பஸ் ஏறி இறங்கியிருக்கிறேன் என்று நீயும் அறிவாய். அப்பாவின் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரூருக்குப் பெயர் கொடுத்தேன்.

போவதற்கு முதல் நடந்த கூட்டத்தில் தலைவி சொன்னா, "போயா நாளில, பூரணையில, போறம். எல்லாரும் வெள்ளை உடுத்துக்கொண்டு வாங்கோ, அதுதான் அந்தக் கோயிலுக்கு மரியாதை" என்று. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போல. புருசன் எங்கே என்று கேட்டால் வாயைத் திறக்கத் தெரியாதவர்கள். எங்கள் ஊரில் வெள்ளைச் சேலை எப்போது கட்டுவார்கள் என்று அந்த மனுசிக்குத் தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் உடுங்கோ. உங்கட மனுசன் வீட்டில மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டிட்டுக் குறட்டை விடுறார். நான் ஏன் உடுக்கவேணும்?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். ரூரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன். அப்போதுதான் பூமணி தன்னுடைய வெள்ளைச் சேலையைக் கையில் மடித்துக்கொண்டு நாங்கள் போய்வருகிற வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள்.

பக்கத்து வளவுப் பூமணி மாமி உனக்குத் தாய்க்குச் சமம். புருசன் பாம்பு கடித்துச் செத்தவர், சண்டைக்கு முதலே. அதனால் அவளுக்கு வெள்ளை புதிதல்ல. அவளுக்கு இருந்தது ஒரே மகன். "இது சேலைதானே அக்கா? உடுத்தால் உடுப்பு, கழட்டினால் துணி. வெளியில நிண்டால் எப்பிடித் தேடுறது? உள்ளுக்க போனால்தானே நாலு முகத்தைப் பாக்கலாம்" என்றாள். அவளும் தேடத்தான் வந்தாள். நானும் அவளும் எங்கே போனாலும் சேர்ந்துதான் போவோம், யாரிடம் போய் முறையிட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்லுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே கதைதானே.

சண்டையின் அந்தக் கடைசிநாளை நீயும் கண்டாய். ஆனாலும் உன் பெண்சாதிக்கு ஒருநாள் சொல்ல வேண்டிவரும், ஆகவே எழுதுகிறேன். பாலத்தைத் தாண்டி ஆமியின் பக்கம் வந்து முள்ளுக்கம்பிக்குள் நிலத்தில் இருந்தோம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்துக்கு ஒருநாள் வேலை செய்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அப்பா இயக்கத்தில் இருந்தவரல்ல. காயப்பட்ட சனத்தை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு ஓடியவர், அவ்வளவுதான். "ஒளிச்சால் பிறகு கரைச்சல். பதிஞ்சிட்டு வாறன்" என்றார். நெல்லில் ஈரம் இருந்தால் வாங்குகிறவன் கேட்க முதலே ஈரம் என்று சொல்லுகிற மனுசன், வேறு என்ன செய்வார்? பூமணி தன் மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணை, இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் பக்கத்தில இருந்தால் எனக்குப் பயமில்லை." ஆமி கொண்டுவந்து நிறுத்திய பஸ்ஸில் அந்தப் பிள்ளையை முன்னுக்கு ஏற்றிவிட்டு அப்பா பின்னால் ஏறினார். யன்னல் பக்கம் இரண்டு பேரும் இருந்தது தெரிந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பதினாறு வயது, தாயின் கையைப் பிடிக்கிற வயதா? அன்றைக்குப் பிடித்தாய்.

சரி, ரூருக்கு வருகிறேன். உயிலங்குளத்தில் ஏறி, முருங்கன் தாண்டி, மதவாச்சி ரோட்டில் போனோம். டிரைவர் தம்பி சினிமாப் பாட்டைப் போட்டு உச்சத்தில் விட்டான். சின்னப் பெண்கள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். செட்டிகுளம் வந்ததும் கைதட்டல் நின்றது. எங்களைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்த இடம் காடாகிப்போய்க் கிடந்தது. ஒரு துண்டுக் கூடாரச் சீலைகூட இல்லை. அத்தனை சனம் அங்கே தண்ணீருக்கு அடிபட்டதென்று இனி யாராவது சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். பூமணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அனுராதபுரத்தில் இறங்கினோம். கண் எட்டும் மட்டும் வெள்ளை. ஒரு ஊர் முழுக்கத் தாலியறுத்துவிட்டு வந்து நிற்கிறதைப்போல இருந்தது. பிறகு பார்த்தால் கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளான பெண்களும் வெள்ளை, புருசன்மாரும் வெள்ளை, கைக்குழந்தையும் வெள்ளை. செருப்பைக் கழட்டிவிட்டு நடந்தோம். மணல் காலைச் சுட்டது. நான் ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவன், பூ விற்றவன், தண்ணீர் ஊற்றினவன், எல்லோரையும். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் வந்தான், தலைமயிர் வெட்டைப் பார்த்தாலே ஆமிக்காரன் என்று தெரிந்தது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் துவக்கோடு நின்றவன் நீயாடா என்று கேட்க வாய் உன்னியது. அவனுடைய பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நாசமாய்ப் போக, நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ரோட்டில் சந்திக்குச் சந்தி புதிதாகக் கொண்டுவந்து இருத்திய புத்தரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த மனுசன் என்ன செய்வார், பாவம், கொண்டுவந்து இருத்தினால் இருக்கத்தானே வேண்டும்.

மத்தியானமாயிற்று, கால் கொப்பளித்தது. பூமணியும் மற்றவர்களும் அரசமரத்துப் பக்கம் போக, நான் அந்தப் பெரிய தாதுகோபத்தின் நிழல் விழுந்த இடத்தில், மதிலோரம், போய் நின்றேன். என் வயதில் ஒரு சிங்கள மனுசி பாய் விரித்துக்கொண்டு இருந்தா. பக்கத்தில் நிலத்தைத் தட்டி, "வாடிவென்ன" என்றா. இருங்கோ என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். முகாமில் எங்களைக் கூட்டமாக நிலத்தில் இருத்தும்போது கத்துகிற சொல். அதை இவ்வளவு தன்மையாகவும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இருந்தேன். அந்த மனுசி ஒன்றும் கேட்கவில்லை. புருசன் எங்கே, பிள்ளை எத்தனை, எந்த ஊர், ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் நான் ரோட்டுக்கு இறங்கினால் முதலில் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் சனம் முகத்தைப் பார்க்கும். பொட்டு இன்னும் இருக்கிறதா என்று. அங்கே ஒருவருக்கும் என் நெற்றி தேவையாக இருக்கவில்லை.

இதை எப்படி உனக்குச் சொல்லுவதென்று தெரியவில்லை. திருக்கேதீச்சரத்துக்கு நான் போனால் வழக்குக்குப் போகிறவள் மாதிரித்தான் போவேன். கும்பிடுவேன், அழுவேன், ஏசுவேன், கண் இருக்கா உனக்கு என்று கேட்பேன். வெளியே வரும்போது போனதைவிடக் களைத்து வருவேன். இங்கே யாரைக் கேட்பது? எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, என்ன கேட்க வேண்டும் என்ற முறையும் தெரியாது. அந்த வெள்ளைக் கட்டடம் தன் பாட்டுக்கு நின்றது. எத்தனை ராசாக்கள் வந்து போனார்களோ, எத்தனை தரம் இடிந்து காடு மூடி, திரும்பக் கட்டினார்களோ, ஒன்றையும் சட்டை செய்யாமல் நின்றது. எங்கேயோ ஒரு கூட்டம் ஒரே குரலில் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. விளங்காதது எவ்வளவு சுகம் தெரியுமா? நெஞ்சில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது. மூச்சு வயிறு வரைக்கும் போயிற்று. நான் முகங்களைப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. மதிலில் சாய்ந்தேன். நித்திரையாகிவிட்டேன்.

பூமணி உலுப்பித்தான் எழுப்பினாள். "என்னக்கா இது! எல்லாரும் பஸ்ஸில ஏறியாச்சு, உங்களைத் தேடாத இடமில்லை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். "நீங்கள் இப்பிடி நித்திரை கொண்டு நான் ஒருநாளும் காணேல்லை" என்றாள். சிங்கள மனுசி போய்விட்டிருந்தா. தன்னுடைய துவாயை மடித்து என் தலைக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தா. எழும்பி நின்றேன். உடம்பு முழுக்க ஒரு நிம்மதி, குளித்து முழுகிவிட்டு வந்ததைப்போல. பிறகுதான் சட்டைக்குள் அப்பாவின் படம் வியர்வையில் ஒட்டியிருப்பது உறுத்தியது. ஒருவருக்கும் அதை எடுத்துக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். அவர் கிடைக்கவில்லையென்று அழுகிறேன் எனப் பூமணி நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். அதற்கல்ல, தம்பி. இத்தனை வருசத்தில் என்னை விட்டுப் போயிருந்த நிம்மதி எப்படித் திரும்பி வந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த மத்தியானம் முழுக்க நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளையைக் கட்டிக்கொண்டு, அவர் இல்லாத ஒருத்தியாக, சுகமாகப் படுத்திருந்தேன். அந்த மத்தியானம் உன் அப்பா செத்துப்போயிருந்தார். சாகவிட்டது நான்.

பிறகு ஒருதரம் தனியாகவும் போனேன். உனக்குச் சொல்லவில்லை, பூமணிக்கும் சொல்லவில்லை, மருந்தெடுக்கப் போகிறேன் என்று போனேன். அந்த நிம்மதி இன்னொரு தரம் கிடைக்குமா என்று பார்க்கத்தான். ஆனால் வெள்ளை கட்ட மனம் வரவில்லை. அவர் வாங்கித் தந்த பச்சைச் சேலையைக் கட்டி, பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு அதே மதிலோரம் போய் இருந்தேன். வெயில் எரித்தது. போகிறவன் வருகிறவன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தாதுகோபம் அன்றைக்கு நின்றதுபோலத்தான் நின்றது, அதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்துக்குக் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது, இந்தக் காத்திருப்பு. அதை நான் கொடுக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

ஆகவேதான் நீ போனில் கேட்டபோது எனக்கு அவ்வளவு கோபம். நீ கேட்டதை நான் ஏற்கனவே ஒரு மத்தியானம் செய்துவிட்டவள். உன்னை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ ஒன்றும் அவரை மறந்துவிட்டுக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒரு வீடு வேண்டும், அதற்குள் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்காத ஒரு பெண் வேண்டும். வேண்டும்தான். அந்தப் பிள்ளையைக் கட்டினபிறகு ஒன்று மட்டும் செய். வெளிக்கிடும்போது எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு வா. பிந்தினால் போன் எடு. பெரிய அன்பெல்லாம் காட்டத் தேவையில்லை, இதைச் செய்தாலே போதும். முடிந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் அனுராதபுரம் போய் அந்த மதிலோரம் இரு. உங்களுக்கு அது இலேசாகக் கிடைக்கும். எனக்குக் கிடைத்ததைப்பற்றி அங்கே வைத்து அவளுக்குச் சொல்லாதே, பிள்ளையின் சந்தோசம் கெட்டுப்போகும்.

இரண்டு மூன்று நாள் யோசித்தேன். நான் ஓம் என்று சொல்லிவிடலாம். அவர் என் மனுசன், பொட்டு என் நெற்றியில் இருக்கிறது, அழிக்கிறதும் வைக்கிறதும் என் பாடு. ஆனால் அந்த பஸ்ஸில் அவர் தனியாகவா போனார்? அவருக்குக் கொள்ளி வைத்தால், பக்கத்தில் யன்னலோரம் இருந்த பிள்ளைக்கு என்ன கணக்கு? அவர் செத்தால் அவனும் செத்தான். ஊர் அப்படித்தான் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் பூமணியின் மனம் சொல்லும். அதனால் அவளிடம் போய் நேரே சொன்னேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். சொல்லி முடிக்கவில்லை, தோய்த்த சீலையைத் தூக்கிக் கல்லில் ஓங்கி அடித்தாள். "உங்கட மோனுக்குக் கலியாணம் வேணும் எண்டதுக்காக என்ர பிள்ளையைச் சாகக் குடுக்கச் சொல்லுறியளோ? அண்ணையை நம்பித்தானே ஏத்திவிட்டனான்!" என்றாள். நான் திரும்பி வந்தேன். அவள் வேலிப் பொட்டை ஓலை வைத்துக் கட்டி அடைத்துவிட்டாள். நாங்கள் இந்த ஊருக்குத் திரும்பி வந்து கொட்டில் போட்ட நாளிலிருந்து அந்தப் பொட்டு அடைபட்டதில்லை.

காரியம் வேண்டாம் என்று உனக்கு எழுதத்தான் கடிதத்தை எடுத்தேன். நேற்றுப் பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பூமணி ரோட்டால் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அண்ணைக்குச் செய்யுங்கோ. பெடியன்ர கலியாணத்தைப் பழுதாக்காதேங்கோ."

"அப்ப உன்ர பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ர பிள்ளை அந்த பஸ்ஸில ஏறேல்லையே அக்கா. அண்ணை போனாப் பிறகு பின்னால இன்னொரு பஸ் வந்ததெல்லே? அதிலதான் ஏறினவன். எனக்கு இப்பதான் வடிவா ஞாபகம் வருது." என் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. "நீங்களும் கண்டனீங்கள்தானே?"

"ஓம் பூமணி. நானும் கண்டனான்" என்றேன்.

தம்பி, நாளைப் பார்த்து ஐயருக்குச் சொல்லு. செய்யவேண்டியதை முறையாகச் செய். சடங்குக்குச் சித்தப்பாவும் சின்னம்மாவும் நிற்கட்டும், நான் பின்னால் இருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் நின்ற இடத்துக்கு வேறு பஸ் ஒன்றும் வரவில்லை என்று எனக்கும் தெரியும், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கும் தெரியும். கலியாணத்துக்குப் பூமணி மாமி வருவாள். உன்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பாள். இரண்டு பஸ் வந்தது என்று சொல்லு.

அம்மா